ஒரு ஓடிபியால் நின்ற பச்சரிசி

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய 25 டன் பொன்னிப் பச்சரிசி கடலூர் குடோனில் லாரிக்காகக் காத்திருந்தது. வேளாண் ஏற்றுமதி ஆணையமான ஏபிடாவில் பதிவு, ஆர்டர், முன்பணம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்திருந்தன. மதியம் சென்னை கஸ்டம்ஸ் ஏஜென்ட் போன் செய்தார்: "சார், உங்க ஐஇசி டீஆக்டிவேட் ஆயிருக்கு. ஷிப்பிங் பில் போட முடியல." ஷிப்பிங் பில் என்பது கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்.

ஐஇசி என்பது ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண்; ஒருமுறை எடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்றிருந்தேன். போதாது. ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் போய் விவரங்களை உறுதி செய்தாக வேண்டும். ஏஜென்டுக்கு இது தெரியும். "நீங்க பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

சரி, பத்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தால் ஓடிபி வரவில்லை. பதிவு செய்து கொடுத்த கணக்குப்பிள்ளை தன் எண்ணையே போட்டு வைத்திருக்கிறார். அவரோ திருப்பதியில், போன் அணைந்து கிடக்கிறது. வியாழன் மதியம்தான் ஆள் சிக்கினார். ஐஇசி உயிர் பெற்றது. அன்றே, ஜூலை 20, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை என்று அறிவிப்பு வந்துவிட்டது.

அறிவிப்புக்கு முன்பே கஸ்டம்ஸிடம் ஒப்படைத்துப் பதிவான சரக்குக்கு விலக்கு உண்டு. என் மூட்டைகள்தான் கடலூரைத் தாண்டவே இல்லையே! சிங்கப்பூர் கடையின் பெயர் அச்சடித்த பைகளைப் பிரித்து, வேறு சாக்கில் கொட்டி, பண்ருட்டியிலும் புதுச்சேரியிலும் வந்த விலைக்குத் தள்ளினேன். பிரித்துக் கொட்டிய கூலி தனி.

புழுங்கலுக்குத் தடையில்லை. அறிவிப்பில் 'அரிசி' என்று பார்த்ததும் பதறாமல் சரக்கு வகையைக் காட்டும் எட்டு இலக்க கஸ்டம்ஸ் எண்ணைப் பாருங்கள், அப்போது புழுங்கலுக்கு 10063010. அதை நம்பி புழுங்கலுக்குப் பேசி முடித்தேன். ஆகஸ்ட் 25 அன்று அதற்கும் 20% ஏற்றுமதி வரி. புதிதாக வரி வந்தால் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. நீங்கள் எழுதிவிடுங்கள்.

2024 செப்டம்பர் 28இல் தடை நீங்கியது. டன்னுக்கு 490 டாலருக்குக் குறைந்த விலையில் அனுப்பக் கூடாது என்றார்கள். பொன்னி விலை அதற்கு மேல்தான், அதனால் அது ஒரு தடையே இல்லை. அக்டோபரில் அதுவும் போனது. நவம்பரில் அதே கடைக்கு, அதே அச்சுப் பையில் அனுப்பினேன். மீந்த பைகளைப் பரணில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது ஓடிபி என் போனுக்கே வருகிறது. ஏப்ரல் முதல் வாரமே உறுதி செய்து, ஸ்கிரீன்ஷாட்டை ஏஜென்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும்.