முற்போக்குக் காலத்தைப் படிக்க ஒருவர் போதும்: ராபர்ட் லா ஃபாலெட்

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாள் எழுதுகிறவர்கள் பலரும் முற்போக்குக் காலம் எனப்படும் சீர்திருத்தக் காலத்தில்தான் திணறுகிறார்கள். 1890களிலிருந்து முதல் உலகப் போர் வரை சட்டத்துக்கு மேல் சட்டமாக வருகிறது. வழிகாட்டி நூல்கள் அவற்றை எண் போட்டு அடுக்கிவிடுகின்றன. மனப்பாடம் செய்தாலும் தேர்வறையில் பாதிதான் கைகொடுக்கும். நான் அந்தப் பகுதியை ஒருவரின் வாழ்க்கை வழியாகவே படித்தேன். அவர் தியோடர் ரூஸ்வெல்ட்டோ வில்சனோ அல்ல, விஸ்கான்சின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட். சீர்திருத்தம் மாநிலத்தில் பிறந்து வாஷிங்டனுக்குப் போன பாதை அவரிடம் தெரிவதுபோல் அதிபர்களிடம் தெரியாது.

அவருடைய தோல்விகளிலிருந்து தொடங்குங்கள். 1885 முதல் 1891 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்துவிட்டு அந்த இடத்தை இழந்தார். 1896இலும் 1898இலும் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக முயன்று, இரண்டு முறையும் கட்சி மாநாட்டில் தோற்றார். பேராளர்களைக் கட்சியின் பெரிய கைகள் விலைக்கு வாங்குகின்றன என்பது அவருடைய புகார். 1901இல் ஆளுநரானதும் அவர் விடாப்பிடியாக நின்ற சட்டம் எது? வேட்பாளரை மாநாட்டுக்குப் பதில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் நேரடி முதனிலைத் தேர்தல். 1903இல் சட்டமன்றம் ஏற்றது, 1904இல் மக்கள் வாக்கெடுப்பு உறுதிசெய்தது. இப்படிப் படித்தால் ஆண்டு தானாக நினைவில் நிற்கும், காரணமும் விடைக்குள் வந்துவிடும். அதே முதனிலைத் தேர்தலில்தான் 1946இல் அவருடைய மகன் இளைய ராபர்ட், பின்னாளில் கம்யூனிஸ்ட் வேட்டையால் பேர்பெற்ற ஜோசஃப் மெக்கார்த்தியிடம் செனட் இடத்தைப் பறிகொடுத்தார். சீர்திருத்தங்களை மதிப்பிடச் சொல்லும் கேள்விக்கு இந்த ஒரு வரி நல்ல கனம் சேர்க்கும்.

ரயில்வே நிறுவனங்களின் சொத்துக்கு வரி, 1905இல் ரயில்வே ஆணையம் ஆகியவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். மாநிலத் தலைநகர் மாடிசனில் பல்கலைக்கழகமும் சட்டமன்றமும் அருகருகே இருந்ததால் பேராசிரியர்கள் மசோதா எழுத உதவினார்கள். பொருளியல் பேராசிரியர் ஜான் காமன்ஸ் பெயர் ஒன்றைக் குறிப்பிட்டால் போதும்.

1906இல் செனட்டுக்குப் போனபின் பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். கப்பல் தொழிலாளர்களைப் பாதுகாக்கும் 1915ஆம் ஆண்டின் மாலுமிகள் சட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. 1917 ஏப்ரலில் போர்த் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த ஆறு செனட்டர்களில் அவர் ஒருவர், ஆதரவு 82. அவரைச் செனட்டிலிருந்து வெளியேற்றக் கோரி விசாரணையே நடந்தது. 1919இல்தான் அது கைவிடப்பட்டது. போர்க்காலக் கருத்துச் சுதந்திரம் பற்றிய கேள்விக்கு போரை எதிர்த்துப் பேசிச் சிறை சென்ற சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸை எல்லோரும் எழுதுவார்கள். பக்கத்தில் இவரையும் வைத்தால் சோஷலிஸ்டுகள் மட்டும் குறிவைக்கப்படவில்லை என்று காட்டலாம்.

ஆனால் வீரவழிபாடு வேண்டாம். இறக்குமதி வரியை உயர்த்தி உள்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தந்த 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்க வரிச் சட்டத்தை உருவாக்கிய குழுவில் இவரும் இருந்தார். பிற்காலப் போராளியையே இளம் உறுப்பினரிடமும் தேடினால் விடை வளைந்துவிடும்.

விடைத்தாள்களில் அடிக்கடி சறுக்கும் இடம், முற்போக்குக் கட்சி என்ற பெயர். 1912இல் அந்தப் பெயரில் நின்றவர் ரூஸ்வெல்ட். லா ஃபாலெட் அவரை ஆதரிக்கவில்லை, அந்த ஆண்டு குடியரசுக் கட்சி வேட்பாளராக வர அவரும் முயன்றிருந்தார். 1924இல் நின்றவர் லா ஃபாலெட். அது வேறு அமைப்பு: தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் ஆதரித்தது, துணை அதிபர் வேட்பாளர் மொன்டானாவின் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் பர்ட்டன் வீலர். ஏறத்தாழ 48 லட்சம் வாக்குகள், அதாவது ஆறில் ஒரு பங்கு கிடைத்தன. ஆனால் அதிபரை முடிவுசெய்யும், மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் குழு வாக்குகள் விஸ்கான்சினின் 13 மட்டுமே. மூன்றாம் கட்சிகள் அமெரிக்காவில் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, பிறகு காரணங்களுக்குப் போங்கள்.