பிறர் பெயரில் ஒரு புத்தகம்: 1,60,000 ரூபாய் எப்படி வந்தது, எங்கே போனது

அடுத்தவர் பெயரில் வரும் புத்தகத்தை எழுதிக் கொடுக்க எவ்வளவு வாங்குவீர்கள் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எழுத வருகிறவர்களும் கேட்கிறார்கள், எழுத ஆள் தேடுகிறவர்களும் கேட்கிறார்கள். தமிழில் இதற்கென்று எழுதி வைத்த ரேட் கிடையாது. அதனால் நான் முடித்துக் கொடுத்த ஒரு வேலையின் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருக்கும் ஒரு பெரியவர். பம்புக்கான உதிரிகளை வார்த்துக் கொடுக்கிற தொழில். பவள விழாவுக்குத் தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கி, வருகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் சென்னையில் ஒரு வார இதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது எடிட்டிங்கும் பிறருக்காக எழுதுவதும் செய்கிறேன். தெரிந்தவர் மூலமாக அழைப்பு வந்தது. நேரில் போனேன்.

"பக்கத்துக்கு எவ்வளவுங்க அம்மணி? ஒரு நூறு ரூபா போட்டுக்கலாமுங்களா?" என்றார்.

அவர் மனதில் இருந்தது 200 பக்கம். அப்படியானால் 20,000 ரூபாய். அவர் பேரம் பேசவில்லை. தட்டச்சுக்கும் லே-அவுட்டுக்கும் பக்கக் கணக்கில்தான் கொடுத்துப் பழக்கம், எழுத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "புது உருப்படிக்கு ஆர்டர் வந்தா கிலோ ரேட் மட்டும்தான் வாங்குவீங்களா ஐயா?" சிரித்துவிட்டார். "பேட்டர்னுக்குத் தனிக் காசுங்க. அது இல்லாம மோல்டே போட முடியாதே" என்றார். வார்ப்புக்கு அச்சு (மோல்டு) எடுக்க முதலில் செய்கிற மாதிரி உருவம்தான் பேட்டர்ன். இந்தப் பேச்சுக்கப்புறம் கணக்கைப் புரிய வைப்பது எளிதாகிவிட்டது. பக்கம் என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் செய்கிற வேலைக்குத்தான் பணம்.

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் 200 பக்கம் என்றால் ஏறக்குறைய 40,000 சொற்கள். அதற்கு 30 மணி நேரமாவது அவர் பேசிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய நான்கு மணி நேரம் பிடிக்கும், ஆக 120 மணி நேரம். அத்தியாயத் திட்டத்துக்கும் தகவல் சரிபார்ப்புக்கும் 50. எழுத 150. திருத்த 50. பதிவு செய்கிற 30 மணி நேரத்தையும் சேர்த்து மொத்தம் 400 மணி நேரம். மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 1,60,000.

தாளை அவருடைய மகன் வாங்கிப் பார்த்தார். குரலைத் தானாகவே எழுத்தாக்கும் வசதி செல்போனிலேயே இருக்கிறதே, 120 மணி நேரம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயே செய்து காட்டினோம். நிதானமாக நான் பேசியது ஓரளவு வந்தது. அப்பா கொங்குத் தமிழில் கோர், ரைசர், ரன்னர் என்று வார்ப்புத் தொழில் சொற்களைப் போட்டுப் பேசியது வேறு ஏதோ ஆகிவிட்டது. அதைத் திருத்துகிற நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம்.

மகன் அடுத்து ராயல்டியை, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கைப் பற்றிக் கேட்டார். 1987இல் டிரம்ப்பின் பெயரில் வந்த 'தி ஆர்ட் ஆஃப் தி டீல்' புத்தகத்தை எழுதிய டோனி ஷ்வார்ட்ஸுக்கு, முன்பணமாக வந்த 5,00,000 டாலரில் பாதியும் ராயல்டியில் பாதியும் கிடைத்தன. அதை எங்கோ படித்திருக்கிறார். அதுபோல முன்பணத்தைக் குறைத்துக்கொண்டு விற்பனையில் பாதி எடுத்துக்கொள்ளலாமே என்றார். தமிழ்ப் புத்தகத்தில் அந்தக் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். 250 ரூபாய் விலை, 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். அதில் என் பாதி பன்னிரண்டரை ரூபாய். 1,000 பிரதி விற்றால் 12,500. இவருடைய புத்தகமோ விற்பனைக்கே வரப்போவதில்லை, விழாவில் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: குடும்ப வரலாறு, தொழிலதிபர் வாழ்க்கை போன்ற வேலைகளில் 'விற்றால் பங்கு' என்ற பேச்சுக்கே போகாதீர்கள்.

முழு வேலையையும் பேசி முடிக்கும் முன் ஒரு மாதிரி அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். சும்மா இல்லை, 6,000 ரூபாய்க்கு. வேலை தொடர்ந்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம், தொடராவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது. கொடுக்கிறவருக்கும் இது பாதுகாப்பு. ஒன்றரை லட்சம் போடுவதற்கு முன்னால், தன் குரல் அந்த எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பெரியவர் அதை மனைவியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "இந்த 'மேற்கொள்ளப்பட்டது' எல்லாம் நம்ம பேச்சு இல்லீங்க" என்று சொன்னார். மாற்றினேன். சரி என்றார்.

அடுத்தது ஒப்பந்தம். இதைப் பொறுமையாகப் படியுங்கள், காசு கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரிவதில்லை. காசு கொடுத்துவிட்டால் எழுத்து நம்முடையது என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவரிடமிருந்து உரிமை மாற வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து வடிவ உரிமை மாற்றம் வேண்டும். அதில் எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு இருக்கும். எனவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்று தெளிவாகப் போட்டோம். பெயர் போடாமல் இருக்க நான் சம்மதிக்கிறேன் என்பது தனி வரி. ஏனென்றால் உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருப்பதாக அதே சட்டம் சொல்கிறது.

என் தரப்பில் நான் கேட்டது ஒன்றுதான்: கடைசித் தவணை வந்த நாளிலிருந்து உரிமை மாறும். இதற்கு முன் ஒருவர் முழுப் பிரதியையும் வாங்கிக்கொண்டு மீதியைத் தராமலே விட்டுவிட்டார். அதற்கப்புறம் இந்த வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

தவணை இப்படிப் பிரித்தோம். கையெழுத்தானதும் 40,000, மாதிரிக்குக் கொடுத்த 6,000 இதில் அடக்கம். பதிவுகளின் எழுத்து வடிவமும் அத்தியாயத் திட்டமும் கொடுத்ததும் 40,000. முதல் வரைவுக்கு 48,000. இறுதிப் பிரதிக்கு 32,000. பாதியில் நிறுத்தினால் அதுவரை கொடுத்தது எனக்கு. இரண்டு முறை திருத்தம் கட்டணத்துக்குள், அதற்கு மேல் மணிக்கணக்கு. சென்னையிலிருந்து வந்துபோக ரயில் டிக்கெட், தங்கும் செலவு அவருடையது. பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து வந்ததால் ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டார்கள். அது ரிட்டர்ன் தாக்கல் செய்தபோது திரும்பி வந்தது. ஆடிட்டர் ஜிஎஸ்டி எண் கேட்டார். என் வருட வரவு 20 லட்சத்துக்குள் என்பதால் பதிவு தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பதிவு வேலையை முதலில் பவுண்டரி ஆபீஸில்தான் ஆரம்பித்தோம். பக்கத்திலேயே வார்ப்பின் பிசிறைத் தேய்க்கிற கிரைண்டிங் சத்தம். பேச்சே பதிவாகவில்லை. வீட்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் காபி முடிந்ததும் உட்கார்ந்தோம். தொழிலைப் பற்றிச் சரளமாகப் பேசியவர், 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டு வருடங்களைத் தொட்டதும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். இன்டக்‌ஷன் ஃபர்னஸில் (கரண்டில் இரும்பை உருக்கும் உலை) உருகிய இரும்பு இருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வராவிட்டால் அது உள்ளேயே உறைந்துவிடும். உலையின் உட்பூச்சான லைனிங்கை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி உடைத்த ஒரு ராத்திரியைச் சொல்லி முடிக்க ஒரு காலை முழுவதும் ஆனது. புத்தகத்தில் அது ஏழு பக்கம். படித்தவர்கள் அந்த ஏழு பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நான் போட்ட கணக்கை மிஞ்சிப் போனது சரிபார்ப்பு வேலை. அவர் வருடங்களை நினைவிலிருந்து சொன்னார். முதல் ஃபர்னஸ் 1984 என்று உறுதியாக இருந்தார். அவர் மனைவி உள்ளே போய் நீளமான கூலி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆரம்பத்திலிருந்து வாராவாரம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று அந்த அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. ஃபர்னஸ் ஆளின் பெயர் வருவதே 1986இல்தான். அந்த நோட்டோடு வைத்துப் பார்த்ததில் பாதி அத்தியாயங்களின் வரிசை மாறியது. அந்த அம்மாவிடமும் தனியாகச் சில மணி நேரம் பேச வேண்டியிருந்தது, ஒப்பந்தத்தில் அது இல்லை. கூடுதலாகக் கேட்கலாம், கேட்கவில்லை. அவர் இல்லாமல் அந்தப் புத்தகம் சரியாக வந்திருக்காது. இப்போதெல்லாம் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரிடம் பேசும் நேரத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.

திருத்தத்தில் பெரிதாக நின்றது தம்பியோடு நடந்த பாகப்பிரிவினை வழக்கு. பெரியவர் அதை விரிவாகச் சொல்லியிருந்தார், மகன் எடுக்கச் சொன்னார். யார் பெயரில் புத்தகம் வருகிறதோ அவர் சொல்வதுதான் முடிவு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரியவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, வழக்கைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டு, தம்பி சிறுவயதில் தனக்குச் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டார்.

என் கைக்கு நின்றது எவ்வளவு? பதிவுகளைத் தட்டச்சு செய்ய மதுரையில் தெரிந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 ரூபாய் கொடுத்தேன். 30 மணி நேரத்துக்கு 27,000. மீதி 1,33,000. முழு வேலையும் ஏழெட்டு மாதம் ஓடியது. மாதத்துக்குப் பிரித்தால் இதை மட்டும் வைத்துச் சென்னையில் வாடகை கொடுத்து வாழ முடியாது. கூடவே எடிட்டிங்கும், விழா மலர்களுக்குக் கட்டுரை எழுதுவதும் ஓடின. முழுநேரமாகச் செய்ய நினைப்பவர்கள் ஒரே சமயத்தில் இரண்டு புத்தகமாவது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் பக்கத்துச் செலவு என்னோடு முடியவில்லை. லே-அவுட் 8,000, அட்டை 5,000, மெய்ப்பு பார்க்க 6,000, 500 பிரதி அச்சடிக்க 42,000. என் கட்டணத்தோடு சேர்த்து 2,21,000, பயணச் செலவு தனி. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று மகன் சொன்னார். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமையிடம் இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அப்படித்தான் வாங்கினோம்.

உள்ளே 'எழுத்து வடிவம்' என்று என் பெயரைப் போட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று நடுவில் ஒருமுறை கேட்டார்கள். விற்பனைக்கு வராத புத்தகத்தில் பெயர் வந்து எனக்கு ஆவது குறைவு என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு வரி சேர்க்கக் கேட்டேன்: அடுத்து வேலை கேட்டு வருகிறவர்களிடம் இதன் ஒரு அத்தியாயத்தை மாதிரியாகக் காட்டலாம். ஒப்புக்கொண்டார். அந்த ஃபர்னஸ் அத்தியாயத்தைக் காட்டித்தான் திருப்பூரில் ஒரு பின்னலாடைக்காரரின் வேலை கிடைத்தது. அதற்கு மணிக்கு 500 என்று போட்டிருக்கிறேன்.