விடியற்காலைப் படபடப்பு: கறுத்துப்போன இசிஜியும் காப்பாற்றிய ஒரு போட்டோவும்

காலை நாலரை மணிக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்து, ஏழு மணிக்குள் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்து காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போய், சீட்டு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, கடைசியில் இசிஜி எடுத்தால் கோடு அழகாக வரும். ‘எல்லாம் நார்மல்மா, கேஸ்தான்’ என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு இடத்தில் ‘வீட்ல ஏதாவது பிரச்சினையா’ என்றுகூடக் கேட்டார்கள். என் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். அதாவது, இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும். அப்போது அங்கே ரத்தம் தேங்கி உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இவ்வளவு பெரிய விஷயத்துக்குத்தான் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்கினேன்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. பிரஷரும் சுகரும் உண்டு. தையல் கடை வைத்திருக்கிறேன். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தால், நூல் சிக்கிய மெஷின் இரண்டு தையலை விட்டுவிட்டு மூன்றை ஒன்றாகப் போடுமே, அந்த மாதிரி இருக்கும். வேகம் மட்டும் கூடினால் அது வேறு. எந்தக் கணக்குக்கும் வராமல் முன்னும் பின்னுமாக அடித்தால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ‘படபடப்பு’ என்று மட்டும் சொன்னால் கேஸ் மாத்திரைதான் கிடைக்கும். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால், பலவற்றில் துடிப்பு ஒழுங்காக இல்லாதபோது ஒரு சின்ன இதயக் குறி வரும். அதை போனில் படம் எடுத்து வையுங்கள். அதுவே முடிவான ஆதாரம் ஆகாது. ஆனாலும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பதற்கு அது போதும்.

ஒரு நாள் விடியற்காலையில் படபடப்போடு மூச்சும் வாங்கியது. வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்கு நேராக ஓட்டிவிட்டார். இரவு ட்யூட்டியில் இருந்த சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்க வைத்து இசிஜி எடுத்தார். அகப்பட்டுவிட்டது! சிஸ்டர் அதைப் போனில் படம் எடுத்து பெரிய டாக்டருக்கு அனுப்பினார், அவர் ஏஎஃப் என்று எழுதச் சொன்னார். எட்டு மணிக்கு எல்லாம் அடங்கியது. இதய டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்து அனுப்பினார்கள்.

கிளம்பும்போது பில் கவுன்ட்டரில் இருந்தவர், ‘அம்மா, இந்த இசிஜி முக்கியமான பேப்பர், லேமினேட் பண்ணி வெச்சுக்கோங்க, கசங்காது’ என்றார். ஆஸ்பத்திரியில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனோம். மெஷினுக்குள் ஒரு பக்கம் ரோஸ் நிறக் கட்டம் போட்ட தாளாகப் போனது, மறுபக்கம் முழுக்கக் கறுத்து வெளியே வந்தது. ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. கடைப் பையன், ‘அக்கா, இது சூடு பட்டா கறுத்துப்போற பேப்பர், கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே’ என்கிறான். பெரும்பாலான இசிஜி மெஷின்கள் இந்த வெப்பத் தாளில்தான் அச்சடிக்கின்றன. லேமினேட் செய்யவே கூடாது. வெயிலில் வைத்தாலும், சில பிளாஸ்டிக் உறைகளில் நாள்பட இருந்தாலும் எழுத்து மங்கிப்போகும். கையில் கொடுத்த அந்த நிமிடமே படம் எடுங்கள், சாதாரணத் தாளில் ஒரு ஜெராக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள்.

மகள் ஓசூரில் இருக்கிறாள். அங்கேயே இதய டாக்டரைப் பார்க்கப் போனோம். கறுத்த அட்டையைப் பார்த்தார். ‘ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாதாரண விஷயம் இல்லம்மா. ஆதாரம் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மாத்திரையால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. திரும்பி வந்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கேட்டால் அதே கவுன்ட்டர், அதே ஆள். ‘வெளிநோயாளிக்கு நாங்க ரெக்கார்டு வைக்கிறதில்ல.’ மெஷினில் இருக்குமா? ‘அதெல்லாம் அழிஞ்சிருக்கும்.’ லேமினேட் செய்யச் சொன்னதே நீங்கள்தான் என்றேன், தலையைத் தூக்கவே இல்லை. இன்னமும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

நாங்கள் கேட்ட நேரம் பகல், அந்த சிஸ்டருக்கோ ராத்திரி ட்யூட்டி. மறுபடி ராத்திரி போய்க் காத்திருந்து கேட்டோம். ‘இருங்கக்கா, அன்னைக்கு சாருக்கு அனுப்புனது இருக்கும்’ என்று வாட்சப்பைத் தள்ளித் தள்ளித் தேடினார். கிடைத்துவிட்டது. என் பெயர், தேதி, நேரம், எல்லாம் படத்தில் தெளிவாக இருந்தது. அந்த சிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் டாக்டர் ஏற்றுக்கொண்டார். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தோம், வால்வில் பழுதில்லை. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் புது வகை மாத்திரைகளைக் கொடுக்க மாட்டார்கள், அசிட்ரோம் மாதிரியான பழைய வகையைக் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்டை அடிக்கடி பார்ப்பார்கள். எனக்கு வால்வு நன்றாக இருந்ததாலும் பிரஷர், சுகர் இரண்டும் இருப்பதாலும் புது வகையான அபிக்ஸபான், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலால். ஆஸ்பிரின் இருக்கிறதே, அது போதாதா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இந்த வகைப் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் ஈடாகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அடுத்து ஹோல்ட்டர். உடம்பில் ஒயர் ஒட்டி 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி. சென்டரில் காலை பதினோரு மணிக்கு ஒட்டிவிட்டு, ‘நாளைக்கு விடியற்காலை ஆறு மணிக்குள்ள கழட்டிக் கொடுத்துடுங்க, அடுத்த பேஷன்ட் இருக்காங்க’ என்றார்கள். எனக்குத் துடிப்பு கெடுவதே நாலரையிலிருந்து ஆறுக்குள். அந்த நேரத்தில் பரபரவென்று கிளம்பி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தால், தூங்கி எழும்போது வருவது எப்படிப் பதிவாகும்? 24 மணி நேரத்துக்குத்தான் காசு கட்டினேன், முழு நேரமும் வேண்டும் என்று நின்றேன். முடியாது என்றார்கள். டாக்டரிடமே திரும்பிப் போய், ‘படபடப்பு காலை 4.30 முதல் 6 வரை, 9 மணி வரை பதிவு தேவை’ என்று சீட்டில் எழுதி வாங்கி வந்து நீட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு ஐந்து மணிக்குத் துடிப்பு கெட்டதும் பதிவானது! ஒரு யோசனை: அன்று குளிக்க முடியாது, வியர்வையில் ஸ்டிக்கர் கழன்றுவிடும், அதனால் மேலே ஒட்ட டேப் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால் ஒரு நாள் கருவியில் அகப்படாமல் போகலாம், அதிக நாள் பதிவு செய்யும் பட்டை உண்டா என்று கேளுங்கள்.

சரி, ஏன் காலையில் மட்டும்? விழிக்கும் நேரத்தில் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் ஏறும், அதோடு பிரஷரும் துடிப்பும் ஏறும். இதயம் ஏற்கெனவே எரிச்சலாக இருந்தால் அதுவே போதும் என்றார் டாக்டர். எதனால் எரிச்சல் என்று தேடியதில் எனக்கு இரண்டு கிடைத்தன.

முதலாவது பொட்டாசியம். லேபில் இதயத்துக்கான பேக்கேஜ் என்று எடுத்திருந்தேன். கொழுப்பு, சுகர், கிரியாட்டினின் எல்லாம் இருந்தது, பொட்டாசியம் இல்லை. டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்து எடுத்ததில் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். காரணம் என் பிரஷர் மாத்திரை. பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர் பிரியும் மருந்து சேர்ந்திருக்கும். அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரோடு வெளியே தள்ளும். நிறையப் பேருக்கு அது நல்ல மருந்துதான், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் எனக்கு வேறு மாத்திரைக்கு மாற்றி, கொஞ்ச நாள் பொட்டாசியம் சிரப் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் இரண்டு இளநீர் குடிக்கச் சொன்னார். டாக்டரிடம் கேட்டதில் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். டெல்மிசார்ட்டான் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கிட்னி பழுதானவர்களுக்கும் பொட்டாசியம் தானாகவே ஏறலாம், அதற்கு மேல் இளநீரும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டால் அளவு மீறி இதயமே நிற்கலாம். ரத்தத்தில் அளவு பார்க்காமல் இதில் கைவைக்கவே கூடாது. முகத்தில் ஐஸ் தண்ணீர் அடி, மூச்சை அடக்கி முக்கு என்று வந்த வைத்தியங்களும் வேறொரு வகை வேகத் துடிப்புக்குத்தான் உதவும், ஏஎஃப் அதற்கெல்லாம் அடங்காது.

இரண்டாவது குறட்டை. இதை டாக்டர் என்னிடம் கேட்கவில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டார். ‘நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் திணறி எழுந்துக்குவாங்க சார்’ என்றார் அவர். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு ஆக்சிஜன் இறங்க இறங்க இதயம் தத்தளிக்கும், ஏஎஃப் வருவதற்கு இது பெரிய காரணம். வீட்டிலேயே ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்தார்கள், உறுதியானது. இப்போது மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினின் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். முதலில் தொல்லையாகத்தான் இருந்தது, மூக்குக்கு மட்டும் வரும் சின்ன மாஸ்க் மாற்றியதும் பழகிவிட்டது. காலையில் தலை பாரம்கூடப் போய்விட்டது.

தைராய்டு எனக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் விடாதீர்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி வரும். குடிப்பவர்களுக்கு மறுநாள் காலை வருவது சகஜம், அளவாகத்தான் குடிக்கிறேன் என்பவர்களையும் அது விடாது. சளிக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் தூண்டிவிடலாம். காபியால் எல்லோருக்கும் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. குடித்த நாளையும் குடிக்காத நாளையும் எழுதிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ இந்த ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், உடனே 108. பக்கவாதத்துக்கு உறைவைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எழுந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று காத்திருக்க நேரம் இல்லை.

இப்போது படபடப்பு அடியோடு போகவில்லை. எப்போதாவது வந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பொட்டாசியம் 4.2. போன மாதம் மெடிக்கலில், ‘அதே கம்பெனிதான்மா’ என்று பழைய எச் மாத்திரையையே எடுத்து நீட்டினார்கள். பட்டையைத் திருப்பி பெயரைப் படித்ததால் தெரிந்தது, அங்கேயே மாற்றிக் கேட்டு வாங்கினேன். சீட்டில் டாக்டர் ‘எச் வேண்டாம்’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன்.