விட்டுப்போன பூஜ்யம்

ஜூன் 9, 2024, ஞாயிறு

கட்டம் போட்ட நோட்டு வாங்கியாயிற்று. 761838257287-ஐ 193707721-ஆல் கையாலேயே பெருக்கப்போகிறேன். விடை முன்பே தெரிந்ததுதான்: 147573952589676412927. 21 இலக்கம், 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. சதுரங்கப் பலகைக் கதையில் 64 கட்டத்துக்கும் சேர்ந்து வரும் மணிகளை எட்டால் பெருக்கி ஏழைக் கூட்டினாலும் இதேதான்.

இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவிட்டுப் போனார். இல்லை, பகு எண் என்று 1876-இல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிரூபித்தார், ஆனால் எதால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது. (திருடன் வந்துபோனது உறுதி, ஆள் யாரென்று தெரியாது, அது மாதிரி.) காரணிகளைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதர். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காமல் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னால் சொன்னதாகவும் கதை உண்டு.

ஜூன் 11, செவ்வாய்

ஏழு மூன்று முறை வருவதால் ஒரு தடவை பெருக்கி மூன்று இடத்தில் எழுதிக்கொள்ளலாம், அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. கடைசி நாலு இலக்கம் 2927, சரி. முதல் மூன்றும் 147, சரி. இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகத் தள்ளிப் பார்க்கும் பழைய சோதனையும் போட்டேன், அதுவும் ஒத்துப்போனது. ஆனால் எண்ணிப் பார்த்தால் 20 இலக்கம்தான் இருக்கிறது!

ஜூன் 12, புதன்

பிடித்துவிட்டேன். 193707721-இல் நடுவில் இருக்கும் பூஜ்யத்துக்கு இடம் விடவே இல்லை. நான் பெருக்கியது 19377721-ஆல். பூஜ்யம் இருந்தாலும் போனாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 37-தான், ஒன்பது எப்படிக் கண்டுபிடிக்கும்? பதினொன்றால் வகுத்து மீதி பார்க்கும் சோதனை இங்கே ஏமாறாது, ஏனென்றால் அதில் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கிறோம், ஓர் இடம் நகர்ந்தாலே குறி புரண்டுவிடும். போட்டுப் பார்த்தேன்: மீதி 6 வர வேண்டிய இடத்தில் என் விடைக்கு 0. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று 21 இலக்கமும் வந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

பெருக்குவதற்கே இந்தப் பாடு, கோல் செய்தது தலைகீழ் வேலை. 67 பகா எண் என்பதால், காரணி எதுவானாலும் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். சின்னக் காரணியில் செய்து பார்த்தேன்: 193707720-ஐ 134-ஆல் வகுத்தால் சரியாக 1445580. அதாவது இந்த வடிவத்தில் வரும் எண்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டே போனால் பதினான்கரை லட்சமாவது எண்ணைத் தாண்டுவதற்குள் இந்தத் திருடன் பிடிபட்டுவிடுவான். இருபடி எச்சங்களை (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை) வைத்துக் கோல் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே வடிகட்டிவிட்டார், இல்லாவிட்டால் ஞாயிறுகள் போதாது.

மெர்சென் தன் பகா எண் பட்டியலில் 2-இன் 257-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணையும் தப்பாகச் சேர்த்திருக்கிறார். அது 78 இலக்கம், இந்த நோட்டின் அகலத்தில் அடங்காது.