காஃபினை நான் விட்டேன், தலைவலி என்னை விடல

ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொட்ட கொட்ட முழிச்சிட்டு, காலைல எந்திரிக்க முடியாம ரெண்டு கப் காபி, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு டீன்னு ஓடிட்டு இருந்தேன். எல்லாம் சேர்த்தா எப்படியும் 350 மில்லிகிராம் காஃபின் தாண்டும். ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவால்லன்னு சொல்றாங்க, அதனால நமக்கென்னன்னு இருந்துட்டேன். தூக்கம் ரொம்ப மோசமானதும் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வீராவேசமா முடிவெடுத்து, திங்கக்கிழமை காலைலேருந்து மொத்தமா கட். தப்பு அங்கதான்.

திங்கள் முழுக்க ஒண்ணும் ஆகல, இவ்ளோதானான்னு வீட்ல பெருமை வேற அடிச்சேன். செவ்வாய் காலைல கண்ணுக்குப் பின்னாடி ஆரம்பிச்சுது பாருங்க, குனிஞ்சா மண்டைக்குள்ள ஏதோ உருளுற மாதிரி. காஃபின் மூளையோட ரத்தக்குழாயைக் கொஞ்சம் சுருக்கி வச்சிருக்குமாம், நிறுத்துனதும் அது விரியும், அதான் வலி. பெரும்பாலும் 12லேருந்து 24 மணி நேரத்துல தொடங்கும், சிலருக்குக் கொஞ்சம் தள்ளியும் வரும், முதல் ரெண்டு நாள்ல உச்சம், ஒரு வாரத்துக்கு மேல கூட இழுக்கலாம். இதெல்லாம் நான் படிச்சது அப்புறம்தான்.

மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, தலைவலிக்கு நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னேன். போட்ட அரை மணி நேரத்துல வலி மாயம்! மறுநாள் திரும்ப வலி, திரும்ப மாத்திரை. நாலாவது நாள் சும்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தா, பாராசிட்டமால் 500, கீழ பொடி எழுத்துல காஃபின் 65. ஒரு கப் டீல இருக்குறதை விட ஜாஸ்தி! நாலு நாள் நான் பட்ட பாட்டுக்கு என்னதான் அர்த்தம்? போய்க் கேட்டா, "தலைவலிக்குத்தானே கேட்டீங்க, போயிருச்சுல்ல?"ங்கறாரு. அதுக்கு என்னத்த பதில் சொல்றது.

ரெண்டாவது தடவை மூணு நாலு நாளைக்கு ஒருக்கா அரை கப் குறைச்சேன், அஞ்சு வாரத்துல சத்தமில்லாம முடிஞ்சுது.

பலன்னு பார்த்தா தூக்கம்தான், அதுவும் உடனே வரல. உடம்புல போன காஃபின்ல பாதி குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், அப்போ ஆறு மணிக்குக் குடிச்ச டீல பாதி பதினோரு மணிக்கும் உள்ள உக்காந்திருக்கும். நெஞ்செரிச்சலும் கொறைஞ்சுது. ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, காலைல காபி உள்ள போனாதான் வயிறு வேலை செய்யும்னு பழகிருந்தா முதல் ரெண்டு வாரம் திண்டாட்டம், தண்ணியை ஏத்துங்க. மதியம் மூணு மணிக்கு மீட்டிங்ல நான் இருந்த லட்சணத்தை விடுங்க. டீகாஃப்னு, அதாவது காஃபின் எடுத்த காபின்னு வாங்குறதுலயும் கொஞ்சம் காஃபின் உண்டு, நம்பி மூணு கப் ஏத்தாதீங்க.

ரெண்டு மாசம் சுத்தமா இல்லாம இருந்துட்டு இப்போ காலைல ஒரு கப் மட்டும் வச்சுக்கிட்டேன். தூக்கம் அப்படியேதான் நல்லா வருது, அந்த ஒரு கப்பை எதுக்கு தியாகம் பண்ணணும்?

போன வாரம் சளிக்கு மாத்திரை வாங்கும்போது அட்டையை லைட்டுக்கு நேரா பிடிச்சு முழுசா படிச்சேன். அதே அண்ணன் முறைச்சாரு. முறைக்கட்டும்.