மெய்யம்மை இளைக்க மாட்டாள்

இரண்டு வருஷமாக ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் நடக்கிற கதை. கதாநாயகி மெய்யம்மை, வயது 31, பலகாரம் சுட்டு விற்கிறாள், பருத்த உடம்புக்காரி. முதல் அத்தியாயத்தில் எப்படி இருக்கிறாளோ கடைசி அத்தியாயத்திலும் அப்படியேதான் இருப்பாள். பாதி வரைக்கும் படித்த தோழி ஒருத்தி, "நடுவில் அவள் நடைப்பயிற்சி போகிற மாதிரி வையேன், படிக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வருமே" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

24 வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முகப்பில் காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வந்தவர்களில் ஒரு அம்மா "பெண் பூசினாற்போல் இருக்கிறாள்" என்றார். அவ்வளவுதான். நல்ல சொல்தான் அது, அன்றைக்கு விலை குறைக்கிற குரலில் வந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம், அப்பத்தா வெள்ளைப் பணியாரம் சுடுகிற நாளெல்லாம் நான் மாடியில் போய் உட்கார்ந்துகொள்வேன், அவர் முழங்கால் வலியோடு தட்டை ஏந்திக்கொண்டு படியேறி வருவார். அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பியதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நாம் படித்த எத்தனையோ கதைகளில் குண்டான பெண் சிரிப்பு மூட்ட வருகிறாள், இல்லையென்றால் தோழியாக வந்து கடிதம் கொண்டுபோகிறாள். அவளுக்கே காதல் வர வேண்டுமென்றால் முதலில் எடை குறைய வேண்டும். அதனால்தான் இந்தப் பெயரை எடுத்தேன். எங்கள் பக்கம் மெய்யம்மைகளுக்குப் பஞ்சமே இல்லை. மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்தான், கூப்பிடும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

கதாநாயகன் ஆத்தங்குடியில் கல் போடுகிறவன், அதாவது வீட்டுத் தரையில் பதிக்கிற வண்ணக் கல் செய்கிறவன். இருவருக்கும் எதிலும் ஒத்துவராது. அவள் சத்தமாகப் பேசுவாள், கொடுத்த கடனைக் கேட்டு வாங்குவாள், எண்ணெய் காய்ந்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள். அவனிடம் ஒன்று கேட்டால் மறுநாள் பதில் வரும். தொழில் அப்படி. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, அப்புறம் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவிட வேண்டும். பணியாரமும் ஊற்றுகிற வேலைதான். பச்சரிசியை அளந்து அதன்மேலேயே கோபுரமாக உளுந்து வைத்து, ஊறவைத்து வெண்ணெய்போல ஆட்டி, ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்தால் கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக்கூடாது, சிவந்துவிட்டால் அது வெள்ளைப் பணியாரமே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே கையசைவு, ஒருவருக்கு நாள்கணக்கு, ஒருவருக்கு நொடிக்கணக்கு. இது பிடிபட்டதும்தான் கதை ஓடத் தொடங்கியது.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. அவன் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பெயர்ந்த கற்களை மாற்றிக்கொண்டிருக்கிறான், அவள் இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறாள். மாவு ஊற்றுகிற அந்தப் பருத்த கை கொஞ்சமும் நடுங்காததை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான், அந்தக் கையிலேயே அவன் விழுந்துவிட்டான். அவளோ தன் கனத்துக்குப் புதுக்கல் விரிசல் விட்டுவிடுமோ என்று சுவரோரமாகவே போய்வருகிறாள். எங்கள் பக்கம் பெண்களை மரியாதையாக ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சொல்கிறான், "நடுவிலேயே நடங்க ஆச்சி, நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும்." ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, கல்லின் குணம் அது. எங்கள் வீட்டிலேயே காலடி படாத மூலை மங்கித்தான் கிடக்கிறது. இதை எழுதிய அன்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அவளுக்குக் கண்டாங்கிதான் கட்டிவிட்டிருக்கிறேன், கட்டம் போட்ட கனத்த பருத்தி, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது முகம் சுளிக்கிற தையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டாங்கிக்கு எந்த இடுப்பும் ஒன்றுதான்.

சரி, கதை என்றால் தடை வேண்டும். மெய்யம்மை நகரத்தார், செட்டிநாட்டு வணிகச் சமூகத்துப் பெண். நகரத்தார் கல்யாணத்துக்கு, ஒன்பது நகரக் கோவில்களில் அவரவர் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். அவன் வெளியாள், அவனுக்கு அந்த மாலை வராது. சண்டை அங்கே நடக்கட்டும், அவள் இடுப்புச் சுற்றளவில் வேண்டாம்.

இப்போது கடைசி அத்தியாயத்தில் நிற்கிறேன். கதை முழுக்க அவன் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறான், ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஒரு இடத்தில் அது நின்று "மெய்யம்மை" என்று வர வேண்டும். மூன்று வாரமாக அடுப்படியில் வைத்துப் பார்த்தேன், திண்ணையில் வைத்துப் பார்த்தேன், பேருந்து நிறுத்தத்தில்கூட வைத்துப் பார்த்துவிட்டேன், அவன் வாயைத் திறப்பதாக இல்லை. கல் போடுகிறவன்தானே, இன்னும் கொஞ்ச நாள் ஊறட்டும் என்று விட்டிருக்கிறேன்.