செருப்பைக் கழற்றச் சொன்ன ஆறு

டாக்ஸிக்காரரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கானாவில் கேப் கோஸ்ட்டிலிருந்து, அடிமைகளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு ஓடும் அசின் மான்சோ சுமார் 40 கிலோமீட்டர். போக வர என்று ஒரு தொகை பேசித்தான் ஏறினேன். இறங்கும்போது, அது போவதற்கு மட்டுமாம்! ஓரத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து அவரை அந்த ஊர் ஃபாண்டி மொழியில் நாலு வாங்கு வாங்கிய பிறகுதான் இறங்கி வந்தார். பேசாமல் அசின் ஃபோசு போகும் ட்ரோட்ரோ வேனில் ஏறிவிடுங்கள். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். ஆனால் அதில் கால்வாசிகூடச் செலவாகாது.

கானா பட்ஜெட்டை நாள்வாரியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவில். இப்போது வேறு எதுவும் ஓடவில்லை.

முந்தின நாள் கேப் கோஸ்ட் கோட்டை, அடிமைகளை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய இடம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் அதிகம், முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். மேலே வெள்ளையடித்த சுவரும் கடற்காற்றும். கீழே ஆண்களை அடைத்த நிலவறை, எட்டாத உயரத்தில் சின்னத் துவாரம். தரை கறுப்பாக இருந்தது, மண் என்று நினைத்தேன். வழிகாட்டி ஓரிடத்தில் டார்ச் அடித்தார். அங்கே மட்டும் சுரண்டியிருக்கிறார்கள், அடியில் செங்கல் தெரிகிறது. அதுதான் தரையாம். நான் நின்றது, அடைபட்டவர்களின் மலமும் ரத்தமும் இறுகிப்போன படிவின் மேல். அதற்கும் மேலே வெள்ளைக்காரர்கள் தேவாலயம் வைத்திருந்தார்கள்.

ஆட்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். துப்பாக்கி, சாராயம், துணி. அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு. அன்றைக்கு நான் போட்டிருந்தது கைத்தறிச் சட்டை. அதற்கப்புறம் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கடல் பக்கம் 'திரும்பா வாசல்'. அதைத் தாண்டி வெளியே போய்ப் பார்த்தால், அதே கதவின் மறுபுறம் 'திரும்பும் வாசல்' என்ற பலகை. 1998இல் ஜமைக்காவிலிருந்து கிரிஸ்டல், அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கார்சன் என்று அடிமைகளாக வாழ்ந்த இருவரின் எலும்புகளை இந்த வழியாகத்தான் உள்ளே கொண்டுவந்து, அசின் மான்சோவில் புதைத்தார்கள். ஆகஸ்ட் 1ஐ விடுதலை நாளாகக் கானா கொண்டாடத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். 1834இல் பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி அது.

கோட்டையைவிட அசின் மான்சோவின் ஆறுதான் என்னை உலுக்கியது. டோங்கோர் ன்சுவோ, அடிமை ஆறு. வடக்கேயிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலங்கோடு நடத்திவந்தவர்களை இங்கே குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, விலைக்குத் தேறுகிறவர்களாகத் தரம் பிரித்திருக்கிறார்கள். கடைசிக் குளியல். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராது, காவிரிக்காரனுக்கு வாய்க்கால் மாதிரிதான்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாட்டி, வெள்ளை உடையில், பேரன் கையைப் பிடித்து இறங்கினார். அழவில்லை. அம்மா பெயரைச் சொன்னார், பாட்டி பெயரைச் சொன்னார், அதற்கு மேல் ஒரு பெயர். பிறகு வாய் மட்டும் அசைந்தது. "அவ்வளவுதான்ப்பா தெரியும்" என்கிற மாதிரி பேரனைப் பார்த்தார்.

"பிடித்து விற்றவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு" என்று அங்கிருந்த வழிகாட்டி மழுப்பாமல் சொன்னார். வீட்டோடு கலந்துபோன அடிமைகளின் வம்சமும் ஊர் ஊராக இருக்கிறதாம். ஆனால் யார் எந்த வழி என்று இந்தப் பகுதியின் அக்கான் மக்கள் கேட்கவே மாட்டார்கள், கேட்பது அநாகரிகம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று நாம் சொல்வோமே, அதேதான். எனக்கு அது முதலில் பெருந்தன்மையாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பாட்டி பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தது மூலம் கேட்கத்தானே? இங்கே மரியாதை என்பது, அவருக்கு மூடிய கதவு.

பசி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, இருந்தும் சாப்பிட்டேன். வாழையிலை மாதிரி ஓர் இலையில் பொதிந்த கென்கி, புளித்த மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை. பொரித்த மீன், ஷிட்டோ என்கிற காரமான கறுப்பு மிளகாய்த் தொக்கு. பழைய சோறு பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். மூன்று வேளையும் இதிலேயே ஓட்டினால் பட்ஜெட் தாங்கும். பக்கத்து மேசைக் குழந்தை என்னைக் காட்டி "ஒப்ரோனி" என்று கத்தியது, வெள்ளைக்காரன் என்று அர்த்தம். என் நிறத்துக்கு!

திரும்பும்போது ட்ரோட்ரோதான். கண்டக்டரை அங்கே 'மேட்' என்கிறார்கள். மீதிச் சில்லறையை நான் கேட்காமலே கொடுத்தான்.